உட்கார்ந்த இடத்தில் ஒரு தோட்டம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல் நலமாக இருந்தால்தான் உழைப்பு, உழைப்பு இருந்தால்தான் ஊதியம் என்பது அதன் கருத்து. ஆயினும், சுவரில் விரிசல் கண்டுவிட்டால் என் செய்வது? சித்திரம் எழுதுவதையே விட்டுவிடுவதா? அல்லது விரிசல் விழாத இடத்தை அளந்து பார்த்து, அதில் அடங்கும் சிறு சித்திரம் ஒன்றை எழுதுவதா? இக்கேள்வி நமக்கு நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையை நமது ஏட்டின் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தவணை கடந்த பாக்கிகளை விசாரிப்பதற்காகச் சேலம் மாவட்டத்து நெசவூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஓர் உறுப்பினர், வயது ஐம்பத்தைந்து. முப்பத்தைந்து ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்தவர். முந்திய ஆண்டில் பக்கவாதம் வந்து, இடக் காலும் இடக் கையும் தளர்ந்துவிட்டன. குழித்தறியோ இரண்டு கால்களையும் இரண்டு கைகளையும் கேட்கும் தொழில். எட்டு மாதங்களாகத் தறியின்மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. அவருடைய மனைவியார் பிறர் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தி வந்தார்.

நாம் பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்குமுன் அவரே தொடங்கினார். “ஐயா, கடனைப் பற்றிக் கவலை இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த வீட்டில் உட்கார்ந்து தின்னும் வாயாகிவிட்டேன். கொல்லையில் இரண்டு பாத்தி கீரை போடுவேன், அதுவும் போயிற்று. குந்தினால் எழ முடியவில்லை, குடம் தூக்கினால் கை நழுவுகிறது” என்றார். அவ்வம்மையார் இராட்டையை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்திருந்தார். கடன் பதிவேட்டைத் திறக்க நமக்கு மனம் வரவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். ஆண்டுக்கணக்கில் தறியில் அமர்ந்து முதுகும் முழங்காலும் ஓய்ந்தவர்களையும், வயலில் குனிந்து குனிந்து இடுப்பு முறிந்தவர்களையும் சேர்த்து எண்ணினால், நமது சங்கங்களில் இத்தகைய உறுப்பினர் இல்லாத சங்கம் ஒன்றேனும் இருக்குமா? அவர்களுக்கு ஏற்ற தோட்டம் எது என்று எண்ணியபோது நினைவுக்கு வந்ததே, மீனையும் செடியையும் ஒரே நீரில் வளர்க்கும் ‘அக்வாபோனிக்ஸ்’ முறை.

முறை யாது?

பெயர் புதிது, கருத்து பழையது. நெல் வயலில் மீன் விட்டு இரண்டையும் பெருக்கும் வழக்கம் சீனத்தில் நெடுங்காலமாக உண்டு. தொட்டியில் மீனும், தொட்டி நீரில் காய்கறியும் வளர்க்கும் முறையை அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நியூ ஆல்கெமி நிலையத்தார் ஆராய்ந்தனர். பின்னர் வெர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற அறிஞரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் உழைத்து இதற்குக் கணக்கு வகுத்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், சிறு குடும்பங்களுக்கு ஏற்ற முறையில் இதை விளக்கி 2014ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறது.

இதன் இயக்கம் எளிது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. அது மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. ஆனால் கற்களின்மேல் படிந்து வாழும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு கூட்டம் அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் செடிக்கு உணவு. சிறிய அளவில் இருந்தால் மீனுக்குத் தீங்கும் இல்லை. செடியின் வேர் அதை உறிஞ்சிக்கொள்ள, தூய்மையான நீர் மீனிடம் திரும்புகிறது. மீன், நுண்ணுயிர், செடி ஆகிய மூன்றும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்களைப் போல. ஒருவர் கழித்தது மற்றவருக்கு முதலாகிறது. ஒருவர் கடமை தவறினால் மூவருக்கும் நட்டம்.

நம் நண்பருக்கு இம்முறை ஏற்றதென்று கருதியதற்குக் காரணம் மூன்று. மண் வெட்ட வேண்டுவதில்லை. களை பறிக்க வேண்டுவதில்லை. குடம் சுமந்து நீர் வார்க்க வேண்டுவதில்லை. சுமக்கும் வேலையை நீரே செய்துகொள்ளும். மனிதனுக்கு எஞ்சுவது தீவனம் இடுதலும், நாற்று நடுதலும், கீரை அரிதலும், கண்ணால் கவனித்தலுமே.

முதலில் உடலை அளக்க வேண்டும்

தொட்டி வாங்கச் செல்லுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. எவருக்காகத் தோட்டமோ அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தி, நாடாவால் அளக்க வேண்டும். நண்பரை அவ்வாறே அளந்தோம். வலக் கையை நீட்டினால் உடலிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் வரையில் தடுமாற்றமின்றி எட்டியது. அதற்கு அப்பால் தோள் சாய்ந்தது. முழங்கை தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. இவ்விரண்டு எண்களே தோட்டத்தின் திட்டம். செடித் தொட்டியின் விளிம்பு முழங்கை மட்டத்தைவிட ஒரு சாண் உயரத்துக்கு மேற்படலாகாது. அகலம் ஐம்பது அறுபது சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் இருபுறத்திலும் அமர இடம் வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்போர், மேசைக்கடியில் முழங்காலை நுழைப்பது போலத் தொட்டிக்கடியில் நுழைக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஓரடி ஆழமுள்ள தொட்டிக்கடியில் முழங்காலுக்கு இடம் விட்டால், விளிம்பு மார்பளவுக்கு உயர்ந்துவிடும். கை தூக்கியே வேலை செய்ய நேரும். ஆதலின் தொட்டியைத் தாழ்வாக வைத்து, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி அமர்வதே நலம். சுற்றிலும் தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேடு பள்ளமற்ற, வழுக்காத நடைபாதை வேண்டும். ஈரம் நிற்கும் இடத்தில் பாசி படியும். பாசி, தளர்ந்த காலுக்குப் பகை. கையால் பற்றிக்கொள்ள ஒரு குழாய்க் கம்பியும் நட்டுவிட வேண்டும்.

அமைத்த விதம்

இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டு வாங்கினோம். இவ்விடத்தில் நெசவாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமது ஊர்களில் மலிவாகக் கிடைப்பவை சாயப் பட்டறை டிரம்களே. சாயம், காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியன இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. எண்ணெய், பழக்கூழ் போன்ற உண்பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வாங்க வேண்டும்.

முதல் டிரம்மைப் படுக்கையாகக் கிடத்தி, உருளாமல் இருபுறமும் அண்டை கொடுத்து, மேற்புறத்தில் நீளவாட்டில் ஒரு வாய் வெட்டினோம். இது மீன் தொட்டி. ஏறத்தாழ நூற்றைம்பது லிட்டர் நீர் கொள்ளும். இரண்டாம் டிரம்மை நெடுக்காக இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி செடித் தொட்டியாயிற்று. மறு பாதியைச் சங்கக் கிடங்கில் வைத்தோம். அதன் கதை பின்னர் வரும்.

ஹாலோ பிளாக் கற்களை இரண்டு அடுக்காக வைத்து, அவற்றின்மேல் முறிந்துபோன தறியொன்றின் மரச்சட்டங்களைப் பரப்பினோம். ஐம்பது சென்டிமீட்டர் உயரமுள்ள மேடை கிடைத்தது. அதன்மேல் செடித் தொட்டியை வைத்தால் விளிம்பு எண்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நின்றது. நண்பரின் நாற்காலியில் ஒரு தலையணையை இட்டதும் கணக்குச் சரியாயிற்று. தொட்டியில் முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியைக் கழுவி நிரப்பினோம். ஜல்லியில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கலாகாது. ஒரு கல்லின்மேல் வினிகரைச் சொட்டினால் நுரை கிளம்பாமல் இருக்கவேண்டும். ஜல்லியும் நீரும் சேர்ந்தால் அரை டிரம் இருநூறு கிலோவை நெருங்கும். மேடை உறுதியாயிருத்தல் இன்றியமையாதது. இப்பாரத்தைச் சுமப்பது ஒருநாள் வேலைதான்; ஆனால் அந்த ஒருநாள் வேலை நோயுற்றவரால் ஆகாதது. சங்கத்து இளைஞர் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதை முடித்துக் கொடுத்தனர்.

மீன் தொட்டிக்குள் ஒரு சிறு நீர்ப் பம்பு. அது மணிக்குக் கால் மணி நேரம் ஓடி நிற்குமாறு டைமர் சுவிட்சு ஒன்றில் இணைத்தோம். பம்பு ஓடுகையில் ஜல்லியில் நீர் ஏறும். நின்றதும் தொட்டியின் அடியில் நிறுத்திய குழாயின் சிறு துளைகள் வழியே வடிந்து, மீன் தொட்டிக்குத் திரும்பும். நீர் ஏறும்போது வேர் பருகும். வடியும்போது வேர் மூச்சு விடும். நீர் மேலேறும் உயரம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேற்பரப்பு உலர்ந்திருந்தால் பாசி பிடிக்காது. தானே வடியும் ‘சைபன்’ அமைப்பும் உண்டு. அது அழகானது; ஆனால் அடிக்கடி குனிந்து சரிசெய்ய வேண்டியது. குனிய இயலாதவருக்கு டைமர் சுவிட்சே மேல்.

இதனுடன் ஒரு காற்றுப் பம்பு எப்போதும் ஓடவேண்டும். மின்சாரம் நின்றாலும் மின்கலத்தால் சில மணி நேரம் ஓடும் வகையே தேவை. நீரும் மின்சாரமும் அருகருகே இருக்குமிடத்தில், கசிவு ஏற்பட்ட கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை மின்பணியாளரைக் கொண்டு பொருத்தாமல் ஒரு சுவிட்சையும் போடலாகாது. இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

செலவு விவரம் வருமாறு: டிரம் இரண்டு 1,600 ரூபாய், கற்கள் பன்னிரண்டு 540, ஜல்லி 350, நீர்ப் பம்பு 450, காற்றுப் பம்பு 550, டைமர் 400, குழாய்கள் 360, கசிவு துண்டிக்கும் கருவி 1,200, மீன் குஞ்சு பதினைந்து 90. ஆக மொத்தம் 5,540 ரூபாய். இரண்டு பம்புகளும் சேர்ந்து மாதத்துக்கு ஏழு யூனிட் மின்சாரமே கொள்ளும். தீவனத்துக்கு மாதம் அறுபது ரூபாய் ஆகிறது.

நாம் செய்த பிழை

இக்கணக்கில் சேராத செலவு ஒன்றுண்டு. அதை மறைப்பது தணிக்கை செய்வோருக்கு அழகன்று.

நாம் கல்லூரியில் விலங்கியல் பயின்றவர். அம்மோனியா நைட்ரேட்டாகும் சக்கரத்தைத் தேர்வுத் தாளில் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றவர். அந்தச் செருக்கில், நுண்ணுயிர்கள் குடியேறுமுன் மீன் விடலாகாது என்ற முதல் பாடத்தையே மறந்தோம். நண்பர் முகத்தில் மலர்ச்சியைக் காண வேண்டுமென்ற அவசரம் வேறு. நீர் நிரப்பிய மறுநாளே ரோகு மீன் குஞ்சு நாற்பது கொணர்ந்து விட்டோம். அவை துள்ளுவதைக் கண்டு அவர் மகிழ்ந்தார்; தெருப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்த்தனர்.

ஐந்தாம் நாள் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் காலையில் நாற்பதும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அம்மையார் அவற்றை அள்ளிக் கொல்லையில் புதைத்தார். நாம் சென்றபோது நண்பர் நம்மை நோக்கி, “என் கை பட்ட ராசி, ஐயா” என்றார்.

அவ்வொரு சொல் நம்மைச் சுட்டது. அது அவர் ராசியன்று, நமது பிழை. ஜல்லி புதிது, அதில் அம்மோனியாவை உண்ணும் உயிர் ஒன்றும் இல்லை. ரோகு பெரிய குளத்து மீன். அதற்கு இச்சிறு தொட்டி ஏற்றதன்று. எண்ணிக்கையும் மிகுதி. இம்மூன்றையும் அவருக்கும் அவர் மனைவியாருக்கும் விளக்கி, பிழை நம்முடையதென்று ஒப்புக்கொண்டோம். ஒரு நோயாளி தன் குறையையே எல்லாத் தோல்விக்கும் காரணமாகக் கருதிவிடுவார் என்பதையும், உதவச் செல்வோர் தம் தவற்றைத் தாமே எடுத்துச் சொல்லாவிடில் அது அவர் தலையில் ஏறிவிடும் என்பதையும் அன்று கற்றோம்.

நீர் பழுக்கும் காலம்

மீண்டும் தொடங்கினோம். இம்முறை மீன் இல்லை. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை நீரில் இட்டு அழுகவிட்டோம். அழுகும் தீவனம் அம்மோனியாவைத் தரும். அம்மோனியா நுண்ணுயிர்களை வளர்க்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அதுவரையில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நகராட்சிக் குழாய் நீராயின் குளோரின் நுண்ணுயிரையும் மீனையும் கொல்லும் என்பதால், ஒருநாள் இருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தே ஊற்ற வேண்டும்.

நீரின் நிலையை அறியச் சிறு சோதனைப் பெட்டி விற்கிறது. குப்பியில் சிறிது நீரெடுத்து மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். அந்நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். சங்கத்தின் பொதுச் செலவில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தோம். அட்டையில் அடுத்தடுத்துள்ள இரு நிறங்களில் எது என்று நாம் தயங்கினோம். நண்பர் தயங்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பாவுக்கும் ஊடைக்கும் சாயம் ஒத்துப் பார்த்த கண் அது. “இதற்கும் அதற்கும் அரைக்கால் சாயம் வித்தியாசம், ஐயா” என்று சொல்லிவிட்டு, வலக் கையால் நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். இடக் கை தளர்ந்தவர் குப்பியைப் பிடிப்பதெப்படி? மரக்கட்டையில் துளையிட்டுக் குப்பியை அதில் நிறுத்திக்கொண்டார். அது அவரே கண்ட வழி.

மூன்றாம் வாரத்தில் அம்மோனியா ஏறி இறங்கிற்று. பின்னர் நைட்ரைட் ஏறிற்று. மார்ச்சுத் திங்கள் இறுதியில் இரண்டும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்து, நைட்ரேட் தென்பட்டது. “நீர் பழுத்துவிட்டது” என்றார் நண்பர். நமது நூல்களில் இல்லாத அச்சொல்லையே நாமும் இப்போது வழங்கி வருகிறோம்.

எந்த மீன், எத்தனை மீன்?

பனையேறிக் கெண்டைக் குஞ்சு பதினைந்து விட்டோம். அது காற்றையும் நேரே உட்கொள்ளும் மீன். மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் பெயருக்கேற்பத் தொட்டியை விட்டு ஏறிப்போகவும் வல்லது; வலை மூடி கட்டாயம் வேண்டும். திலேப்பியா வளர்க்க விரும்புவோர், அதற்கு அனுமதி வேண்டுமா என்பதை முன்னதாக மாவட்ட மீன்துறை அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது. மீன் உண்ணாத இல்லங்களில் தங்கமீன் வளர்க்கலாம். செடிக்கு அதன் கழிவும் உணவே.

அளவுக் கணக்கு இது: கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டர் செடிப் பரப்புக்கு நாளொன்றுக்கு நாற்பது முதல் ஐம்பது கிராம் தீவனம். நமது அரை டிரம்மின் பரப்பு அரைச் சதுர மீட்டர். ஆகவே இருபது கிராம் சுமார். மீன் வளர்ந்தபின் தன் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு தீவனம் உண்ணும். அப்படியாயின் ஒன்று முதல் இரண்டு கிலோ மீன் போதும். குஞ்சாக இருக்கையில் தீவனமும் குறைவு. செடியையும் அதற்கேற்பக் குறைத்தே நடவேண்டும். உண்டது போக மிதக்கும் தீவனத்தை உடனே அள்ளிவிட வேண்டும். பேராசைப்பட்டு மீனைப் பெருக்கினால் பழைய கதையே நேரும்.

அரைக்கீரை, சிறுகீரை, பசலை, புதினா ஆகியவை முதலாண்டுக்கு ஏற்றவை. பூச்சிமருந்து அறவே ஆகாது. சோப்புக் கரைசலும் மீனுக்குத் தீங்கு. இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் அது போதாது. உரக்கடையில் விற்கும் ‘கீலேட்’ இரும்பைச் சிறிது சேர்த்தால் தீரும். நீரின் பி.எச். அளவு ஆறுக்கும் ஏழுக்கும் இடையே இருத்தல் நலம். கோடையில் நீர் சூடேறினால் அதில் காற்றுக் குறையும். மீன் தொட்டிக்குத் தென்னங்கீற்று நிழலும், செடித் தொட்டிக்குக் காலை வெயிலும் கிடைக்குமாறு அமைக்க வேண்டும்.

நண்பரின் நாள் வேலை இவ்வளவே: காலையும் மாலையும் தீவனம், அப்போது மீன் சுறுசுறுப்பாக வருகிறதா என்று பார்த்தல், வாரம் ஒருமுறை நீர்ச் சோதனை, ஆவியாகிப்போன நீருக்கு ஈடாகக் குழாயைத் திறந்துவிடுதல். கீரையைப் பிடுங்குவதில்லை, கத்தரிக்கோலால் அரிகிறார். தீவனக் கரண்டியின் காம்பில் பழைய துணியைச் சுற்றிப் பருமனாக்கிக்கொண்டார், பிடி நழுவுவதில்லை. கையில் புண் இருக்கும் நாளில் தொட்டி நீரில் கை வைக்கலாகாது என்பதையும், உணர்ச்சி குன்றிய பாதத்தை ஈரத்தில் வைத்திருக்கலாகாது என்பதையும் இத்தகைய அன்பர்கள் அனைவரும் நினைவிற்கொள்க. பம்பைக் கழற்றிக் கழுவுவது மாதம் ஒருமுறை; அதை மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் செய்கிறான்.

பயன் என்ன?

மே திங்கள் முதல் வாரத்தில் மூன்று நாள் அவ்வீட்டில் கீரை. நவம்பரில் முதன்முறையாக மீன் குழம்பு. அவ்வளவுதான். இத்தோட்டத்தால் கடன் அடைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். கடனுக்கு நிர்வாகக் குழுவினர் தவணை நீட்டித்துக் கொடுத்தனர். அதைச் சிறிது சிறிதாகக் கட்டி வருபவர் தார் சுற்றும் அம்மையாரே. இதைப் பெருந்தொழில் என்று விளம்பரம் செய்வோர் பேச்சைக் கேட்டு எவரும் கடன் வாங்கிப் பத்துத் தொட்டி அமைக்கலாகாது. இது அடுப்பங்கரைக்கு ஒரு துணை. அந்த அளவில் இது மெய்யானது.

ஆனால் பதிவேட்டில் எழுத இயலாத வரவு ஒன்றையும் கண்டோம். நவம்பரில் நாம் சென்றபோது அம்மையார், “இன்றைக்குக் குழம்பு அவர் சம்பாத்தியம்” என்றார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இலையை நம் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி மனிதரால் ஆகாதவை நான்கு: பாரம் சுமத்தல், சோதனைப் பெட்டி வாங்குதல், பம்பு பழுதானால் உடனே மாற்றுதல், முதல் ஆறு வாரம் தைரியம் சொல்லுதல். நான்கையும் ஒரு சங்கம் எளிதில் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும், பொதுவில் ஒரு சோதனைப் பெட்டியும், கிடங்கில் ஒரு மாற்றுப் பம்பும் போதும். மேலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் நூற்றுக்கு ஐந்து பங்கை, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுடையோருக்கு ஒதுக்குமாறு கூறுகிறது. அவர்களுள் பெண்களுக்கு முன்னுரிமையும் தருகிறது. தகுதியுள்ள உறுப்பினருக்குச் சான்றிதழ் பெற்றுக் கொடுப்பதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் சங்கச் செயலாளரின் கடமையாகக் கொள்ளத்தக்கவை.

கிடங்கிலிருந்த மறு பாதி டிரம்முக்கு வருவோம். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது மற்றொரு உறுப்பினரின் வீட்டுக்குச் சென்றது. அவர் இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த ஒரு கைம்பெண். ஜல்லியைச் சுமந்தவர்கள் அதே இளைஞர்கள். நீரைச் சோதிக்க நண்பர் தம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாரந்தோறும் அத்தெருவுக்கு நடந்து போகிறார். மூன்றாம் வாரம் நாம் போயிருந்தபோது, அந்த அம்மையார் மீன் எப்போது விடலாம் என்று கேட்டார். நாமும் சற்றே ஆவலுடன் தொட்டியை நோக்கினோம். நண்பர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; பிறகு நம்மைப் பார்த்தார்.

“நீர் இன்னும் பழுக்கவில்லை, ஐயா. அவசரம் வேண்டா” என்றார்.

நாம் வாயை மூடிக்கொண்டோம். தத்தம் ஊரில் தறியின்மேல் போர்வை கிடக்கும் வீடு எது என்பதை நேயர்கள் அறிவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்வீட்டுக்கு ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு சென்று, முதலில் அவருடைய கை எட்டும் தூரத்தை அளந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.